மலைமேல் முதுமை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாய், திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில், ஒரு மனிதர் எந்தத் தேதியில் கிழவரானார் என்று விசாரித்தால், அது அவர் மனைவிக்கும் தெரியாது, மக்களுக்கும் தெரியாது, பெரும்பாலும் அவருக்கே தெரியாது. சமவெளியில் விஷயம் அப்படியல்ல. அங்கே முதுமை என்பது சர்க்கார் உத்தரவினால் ஆரம்பமாகிறது. தமிழ்நாட்டு அரசாங்க ஊழியர்களுக்கு நெடுங்காலம் 58-ஆம் வயதில் தொடங்கிக்கொண்டிருந்த அது, 2020 மே மாதத்தில் 59-க்கும், 2021 பிப்ரவரியில் 60-க்கும் ஒத்திவைக்கப்பட்டது. இரண்டே உத்தரவுகளால் லட்சக்கணக்கானவர்களின் விருத்தாப்பியம் இரண்டு வருஷம் தள்ளிப் போயிற்று. அந்த உத்தரவுகளின் நகலை யமதர்மராஜன் பெற்றுக்கொண்டானா என்பதுதான் தெரியவில்லை.

ஓய்வு பெறும் நாளன்று மாலையும் சால்வையும் போட்டு, நாலு நல்ல வார்த்தை பேசி, வீடு வரை காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன சக ஊழியர்கள் தெருமுனை திரும்பியதும், அதுவரை நூறு பேருக்கு உத்தரவிட்டுக்கொண்டிருந்த அம்மனிதர், வீட்டிலே தமக்கென்று யாதொரு காரியமும் இல்லை என்பதைக் கண்டுகொள்கிறார். காலைப் பத்திரிகையை மூன்று முறை படிக்கிறார். சமையலறைப் பக்கம் போய் யோசனை சொல்கிறார். அங்கே அந்த யோசனைக்கு மதிப்பில்லை. சில மாதங்களில் இரத்த அழுத்தமோ சர்க்கரை வியாதியோ தலை காட்டுகிறது. வைத்தியர் நடக்கச் சொல்கிறார். அன்று முதல் பூங்காவில், எங்கும் போய்ச் சேராத ஒரு வட்டப் பாதையில், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அவர் சுற்றிச் சுற்றி வருகிறார். இதைப் பரிகாசம் செய்வது என் நோக்கமல்ல. நடக்காதிருப்பதைவிட நடப்பது உத்தமம். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான தேகப்பயிற்சி செய்ய வேண்டும், தடுமாறி விழாமல் நிற்கும் ஆற்றலை வளர்க்கும் பயிற்சியும் வாரம் மூன்று நாள் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருப்பதும் சரியானதே. ஆயினும், போய்ச் சேர ஓர் இடமும் அங்கே காத்திருக்கும் ஒரு காரியமும் உள்ளவன் நடக்கும் நடைக்கும், நடப்பதற்கென்றே நடக்கும் நடைக்கும் உள்ள பேதத்தை எந்தக் கடிகாரமும் கணக்கிடுவதில்லை.

இது ஒரு சிலருடைய சொந்த விவகாரமாக இருந்த காலம் போய்விட்டது. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர். 2031-இல் தமிழ்நாட்டில் அது நூற்றுக்குப் பதினெட்டைத் தாண்டும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கேரளத்தை விட்டால், இந்தியாவின் பெரிய மாநிலங்களில் நம்மைப் போல விரைவாக நரைத்துக்கொண்டிருப்பது அநேகமாக வேறில்லை. ஆகவே, நன்றாக மூப்படைவது எப்படி என்ற கேள்வி இப்போது எல்லாப் பத்திரிகைகளிலும் அடிபடுகிறது. விடை தேடி ஜப்பானியத் தீவுகளுக்கும் மத்தியதரைக் கடலோரத்துக்கும் யாத்திரை போகிறார்கள். போளூரிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ பஸ் ஏறினால் போய்ச் சேரக்கூடிய ஜமுனாமரத்தூருக்கும் அதைச் சுற்றிய குக்கிராமங்களுக்கும் போய் விசாரித்தால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. மலையிலே வாழ்கிறவர்கள் நூறு வயது வாழ்கிறார்கள், அவர்களுக்கு வியாதியே இல்லை, தேனும் தினைமாவும் உண்டு அவர்கள் ஆனந்தமாயிருக்கிறார்கள் என்ற கதையை நான் சொல்லப் போவதில்லை. அது உண்மையுமல்ல. இந்தியாவின் பழங்குடி மக்களின் ஆரோக்கியத்தைப் பற்றி ஆராய, டாக்டர் அபய் பங் தலைமையில் அமைந்த நிபுணர் குழு 2018-இல் அளித்த அறிக்கை, அம்மக்களின் சராசரி ஆயுள் சுமார் 64 வருஷம் என்றும், மற்றவர்களுடையதைவிட அது ஏறத்தாழ மூன்று வருஷம் குறைவு என்றும் சொல்கிறது. ஜவ்வாது மலையின் பெருவாரியான குடிகள் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழே, காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் ஐதிகம். இவர்களுடைய முதியோர் வாழ்க்கையில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய அம்சமும் இருக்கிறது, நாம் வெட்கப்பட வேண்டிய அம்சமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுகிறவர்கள், மலையை ஒரு சித்திரமாக மாட்டிவைக்க விரும்புகிறவர்கள்.

கற்றுக்கொள்ள வேண்டியதில் முதலாவது சாமை. மலைச்சரிவிலுள்ள கொல்லைகளில் மழையை மட்டும் நம்பி விளையும் இந்தச் சிறுதானியம் தலைமுறை தலைமுறையாக ஜவ்வாது மலையின் சோறாக இருந்துவந்திருக்கிறது. தேசிய உணவுச் சத்துப் பட்டியலின்படி, நூறு கிராம் சாமையில் நார்ச்சத்து ஏறக்குறைய 7.7 கிராம், தீட்டிய அரிசியில் மூன்று கிராமுக்கும் குறைவு. புரதத்திலும் சாமையே மேல். சர்க்கரை வியாதிக்காரர்கள் பட்டணத்து அங்காடியில் அழகிய பையில் அடைத்துவைத்ததை விலை கொடுத்து வாங்குகிறார்களே, அதே சாமைதான். ஆனால் சாமையின் நன்மை, உண்ணும்போது மட்டும் கிடைப்பதன்று. அதைச் சோறாக்குவதற்குள் நடக்கும் சிரமத்திலும் பாதி இருக்கிறது. உமி இறுகப் பற்றிய அந்தப் பொடித் தானியத்தை உரலில் இட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, கல்லும் குறுணையும் நீக்கி எடுப்பதற்குள், தோளும் முதுகும் இடுப்பும் முழங்காலும், இன்று ஆயிரக்கணக்கில் செலவழித்து வைத்தியர்கள் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகளையெல்லாம் ஒருங்கே செய்து முடித்துவிடுகின்றன.

இதைக் கேட்டு, உலக்கையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று யாரேனும் கிளம்பினால், அவர்கள் ஒரு நாள் முழுவதும் சாமை குத்திப் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்லட்டும். அந்த உழைப்பைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். அதிலும் கிழவிகளே அதிகம் செய்தார்கள். உமி நீக்கும் இயந்திரம் வந்த இடங்களில் அவர்கள் அதை வரவேற்றதில் ஆச்சரியமில்லை. சாமையை மலையில் பின்னுக்குத் தள்ளியது, இந்தச் சிரமத்துக்கு எதிரே வந்து நின்ற இலவச அரிசி. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியைப் போக்கிய அந்தத் திட்டத்தைக் குறை சொல்வது பாவம். ஆனால் குத்தாமல் புடைக்காமல் கிடைக்கும் அரிசி ஒரு பக்கமும், கைவலிக்கக் குத்த வேண்டிய சாமை மறுபக்கமும் இருந்தால், எழுபது வயதுக் கிழவி எதை உலையில் இடுவாள் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டுவதில்லை. நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023 மே முதல், இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகை ரேஷனில் கொடுக்க அரசாங்கம் ஏற்பாடு செய்தது. அதே நியாயப்படி, ஜவ்வாது மலைச் சாமையை அங்குள்ள உழவரிடமே நல்ல விலைக்கு வாங்கி, மலையடிவாரத்திலேயே உமி நீக்கி, அவர்களுடைய ரேஷன் கடையிலேயே கொடுப்பதில் என்ன தடை இருக்க முடியும்?

உணவைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது, மலையில் வயோதிகர்களுக்கு இருக்கும் ஸ்தானம். எந்தக் கொல்லையில் எந்தப் பட்டத்தில் விதைக்கலாம், விளைந்ததில் எந்தக் கதிரை விதைக்கு நிறுத்தலாம், ஊர்த் திருவிழாவை எந்த நாளில் வைக்கலாம், பங்காளிகளுக்குள் மூண்ட தகராறை எந்த இடத்தில் நிறுத்தலாம் என்பனவற்றிலெல்லாம் முதியவர்களின் வாய்ச்சொல் இன்னும் செல்லுபடியாகிறது. மாட்டை ஓட்டிக்கொண்டு போக, புளியை உலுக்கிய பின் கொட்டை எடுக்க, பேரக்குழந்தைக்குச் சோறூட்ட, கொல்லையில் பன்றி புகாமல் காவலிருக்க என்று எந்த வயதுக்கும் ஏதோ ஒரு வேலை தகுந்தபடி கிடைத்துவிடுகிறது. ஒருவர் இல்லாவிட்டால் ஒரு காரியம் நின்றுபோகும் என்ற நினைவு இருக்கிறதே, அதுவே அவரைப் படுக்கையிலிருந்து எழுப்புகிறது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு ஒன்று 2025-இல் அறிவித்தது. அந்தத் தனிமை ஆளில்லாத வீட்டில் மட்டும் இருப்பதல்ல, ஆள் நிறைந்த வீட்டில் தம்மால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை என்று உணர்பவரிடமும் அது குடிகொண்டிருக்கிறது.

இதற்குப் பட்டணத்து உதாரணம் வேண்டுவோருக்கு, இந்த மலையோடு ஒரு விதத்தில் தொடர்புள்ள பெரியவர் ஒருவரையே காட்டலாம். ஜவ்வாது மலையின் அடிவாரத்திலுள்ள செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், சேயாற்றங்கரையையும் மலைக்குடிகளின் விருந்தோம்பலையும் வருணிக்கிற சங்க நூல். அதைப் பத்துப்பாட்டில் ஒன்றாக 1889-இல் அச்சிட்டு வெளியிட்டபோது உ. வே. சாமிநாதையருக்கு 34 வயது. அவர் தமது சுயசரித்திரத்தை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதத் தொடங்கியது 1940-இல். அப்போது அவருக்கு எண்பத்தைந்து வயது நிறையும் தறுவாய். 1942 ஏப்ரலில் அவர் காலமாகும் வரை அது வந்துகொண்டே இருந்தது. சரீரம் தளர்ந்திருந்தது என்பதில் சந்தேகமில்லை; ஆனால் அடுத்த வாரத்துக்கு எழுத வேண்டும் என்ற கடமை இருந்தது, அதை எதிர்பார்த்துக் காத்திருந்த ஆயிரக்கணக்கான வாசகர்களும் இருந்தார்கள். மலைக் கிழவிக்குச் சாமைக் கொல்லை எப்படியோ, அவருக்கு அந்த வாரப் பத்திரிகை அப்படி.

என்றாலும் இந்த இடத்தில் நாம் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். சாமிநாதையர் எழுதியது விருப்பத்தினால். மலையில் எழுபது வயதில் விறகுச் சுமையோடு இறங்கி வருகிறவள் அப்படி வருவது, வராவிட்டால் அடுப்பு எரியாது என்பதனால். நிர்ப்பந்தத்தைத் தத்துவமாக்கி, "பாருங்கள், இந்த வயதிலும் எப்படி உழைக்கிறார்!" என்று புகைப்படம் எடுத்துப் போடுவது சுலபம். தேய்ந்த மூட்டும், வளைந்த முதுகும், வாய் நிறையப் புகையிலை அடக்கிப் பசியை மறக்கும் வழக்கமும் அந்தப் படத்தில் தெரிவதில்லை.

மேலும், முன்னே சொன்ன ஸ்தானமும் இப்போது ஆட்டங் கண்டிருக்கிறது. மலையின் வாலிபர்கள் மேஸ்திரிகளிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, கேரளத்துக்கும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிற்சாலைகளுக்கும் கூட்டங்கூட்டமாகப் போய்விடுகிறார்கள். சிலர் இன்னும் அபாயமான கூலிக்குப் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி அம்மாநிலப் போலீசார் சுட்டுக் கொன்ற 20 தமிழர்களுள் ஜவ்வாது மலைப் பக்கத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். வாலிபர்கள் போனபின் ஊரில் எஞ்சுகிறவர்கள் தாத்தாவும் ஆயாவும் பள்ளிக்கூடம் போகும் பேரப் பிள்ளைகளும்தான். ஓய்வெடுக்க வேண்டிய பருவத்தில் இரண்டாம் முறையாகப் பெற்றோர் ஆகிறவர்களுக்குக் 'குடும்பத்தில் ஒரு பொறுப்பு' தாராளமாக இருக்கிறது. பொறுப்பைச் சுமக்கப் பலந்தான் இல்லை. யாருக்கும் வேண்டாதவராயிருப்பது ஒரு துன்பமென்றால், எல்லாரும் ஒரே தோளில் ஏறிக்கொள்வது இன்னொரு துன்பம்.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். சமவெளியில் நாம் முதியவர்களிடமிருந்து காரியத்தைப் பறித்துக்கொண்டு மருந்தைக் கொடுக்கிறோம். மலையில் காரியத்தை விட்டுவைத்திருக்கிறோம், மருந்துதான் போய்ச் சேரவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் சேரும்போதுதான் மூப்பு சுகமாகும்.

மருந்து போய்ச் சேரவில்லை என்பதற்குக் கண்ணையே எடுத்துக்கொள்வோம். ஜவ்வாது மலையின் காவலூரில் இருக்கிறது வைணு பாப்பு வானாய்வு நிலையம். தெளிந்த ஆகாயத்தையும் நகரத்து ஒளி படாத இருளையும் நாடி, 1960-களின் கடைசியில் அங்கே விஞ்ஞானிகள் குடியேறினார்கள்; 1986-இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள, அந்நாளில் ஆசியாவிலேயே பெரியவற்றுள் ஒன்றான தொலைநோக்கி நிறுவப்பட்டது. தேசத்துக்குப் பெருமையான காரியம். அதே மலையில், புரை படர்ந்த கண்ணோடு சுவரைத் தடவி நடக்கும் முதியவர்களும் இருக்கிறார்கள். கண்புரையை நீக்கும் சத்திர சிகிச்சைக்கு அரை மணி நேரம்கூடத் தேவைப்படுவதில்லை. தேவைப்படுவதெல்லாம், அவரைக் கீழே அழைத்துப் போக ஒருவர், திரும்பக் கொண்டுவந்து விட ஒருவர், அந்த இரண்டு மூன்று நாளும் அவர் மாட்டையும் பேரக்குழந்தைகளையும் பார்த்துக்கொள்ள ஒருவர். அந்த ஒருவர் திருப்பூரில் இருக்கிறார்.

கண் என்றதும் மதுரையின் டாக்டர் ஜி. வெங்கடசாமியை நினையாதிருக்க முடியவில்லை. 1976-இல், 58-ஆம் வயதில் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற அவர், பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளமையில் வந்த மூட்டுவாதத்தினால் அவருடைய விரல்கள் கோணிப் போயிருந்தன. அந்த விரல்களாலேயே ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண்களுக்குச் சிகிச்சை செய்தார் என்பது பிரசித்தம். நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திராமல் கிராமங்களுக்கே முகாமைக் கொண்டுபோனதுதான் அவருடைய வெற்றியின் மர்மம். ஓய்வு பெற்ற வைத்தியர்கள், தாதிகள், உபாத்தியாயர்கள், வங்கி அதிகாரிகள் எத்தனையோ பேர் திருவண்ணாமலையிலும் வேலூரிலும் திருப்பத்தூரிலும் பூங்காவைச் சுற்றி வருகிறார்கள். மாதத்தில் இரண்டு நாள் அவர்களை மலைக்கு அழைத்துப் போக ஒரு வண்டியை ஒரு மாவட்ட ஆட்சியர் ஏற்பாடு செய்தால், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழும்.

வங்கி அதிகாரியை ஏன் சேர்த்தேன் என்று கேட்கலாம். 1962-இல் மாதம் 20 ரூபாயோடு தமிழ்நாட்டில் தொடங்கிய முதியோர் உதவித்தொகை, 2023 முதல் 1,200 ரூபாயாக இருக்கிறது. தொகையைப் பற்றி வாதாடலாம். வங்கி வழியாக அதைப் பெறும் முறையைப் பற்றி வாதமே வேண்டாம், அது பரிதாபம். பணம் வாங்க, ரேஷன் வாங்க, கருவியில் விரலை வைத்து ரேகையைக் காட்ட வேண்டும். ஐம்பது வருஷம் மண்வெட்டியும் உலக்கையும் பிடித்த கையில் ரேகை தேய்ந்து போயிருக்கிறது. கருவி, "இது இவருடைய விரல் அல்ல" என்கிறது. விரல் பதிந்தாலோ, மலையில் சிக்னல் இல்லை. உழைத்ததற்கு அத்தாட்சியாகத் தேய்ந்த கையையே, ஆள் மாறாட்டத்துக்கு அத்தாட்சியாகக் கொள்ளும் இந்த விபரீதத்தை ஒரு சாதாரண நிர்வாக உத்தரவால் நீக்க முடியும். ஊர்த் தலைவரான கவுண்டரும் ரேஷன் கடைக்காரரும் நேரில் கண்டு சாட்சி சொன்னால் போதும் என்று எழுதினால் தீர்ந்தது.

பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில், 2023 மே மாதம் பாம்பு கடித்து இறந்த ஒரு சின்னஞ்சிறு குழந்தையின் உடலை, ஆம்புலன்ஸ் போக வழியில்லாமல் பெற்ற தாயே தூக்கிக்கொண்டு நடந்த செய்தியைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குழந்தையைத் தூக்கி நடக்கத் தாய் இருந்தாள். மார்வலி வந்த கிழவரை டோலி கட்டித் தூக்க நாலு வாலிபர்கள் வேண்டும். அவர்கள் ஊரில் இல்லை என்பதை முன்னமே சொன்னேன்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதும் நியாயமாகாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் திட்டம். அதற்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் 2024-இல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டமோ, முதியவர்களின் வீட்டு வாசலுக்கே ரேஷன் பொருளை வண்டியில் அனுப்புகிறது. இரண்டும் நல்ல திட்டங்கள். இரண்டும் தனித்தனித் துறையினுடையவை. மாத்திரை கொண்டுபோகிற பெண் தன்னார்வலர் ஒரு நாள் மலையேறுகிறார். அரிசி கொண்டுபோகிற வண்டி இன்னொரு நாள் ஏறுகிறது. உதவித்தொகைக்காகக் கிழவி வேறொரு நாள் தானே இறங்கி வருகிறாள். மலைமேலுள்ள புதூர்நாட்டிலும் நெல்லிவாசல்நாட்டிலும் பீஞ்சமந்தையிலும் அந்த ரேஷன் வண்டியிலேயே ஒரு தாதியையும், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியையும், உதவித்தொகையைக் கையில் கொடுத்துக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்ளும் ஓர் ஊழியரையும் ஏற்றி அனுப்புவதற்குப் புதுச் சட்டமும் தேவையில்லை, பெருந்தொகையும் தேவையில்லை; மூன்று துறைகளின் அதிகாரிகள் ஒரே தேதியைக் குறித்துக்கொண்டால் போதும். இறங்கும்போது வண்டி காலியாகத்தானே வருகிறது, அதில் கண்புரைக்காரர்களை ஏற்றிக்கொண்டு வரலாம். அடுத்த முறை அரிசியோடு அவர்களையும் கொண்டுபோய் விட்டுவிடலாம். அதுவரை அவர்கள் வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆள் வைக்கும் பொறுப்பை அந்தந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுவிடம் ஒப்படைத்து, அதற்கொரு கூலியையும் கணக்கில் எழுதிவிட வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் ஒருவரும் வண்டியில் ஏற மாட்டார்கள்.